பார்த்திபன் கனவும் ஆறாம் ஆண்டு மாணவர்களும்

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சரித்திர நாவலா என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. நான் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. ஒரு முழு நாவலைக்கூட வாசிக்காமல் படிவம் ஒன்றுக்கு வருகிறார்களே என்ற கவலையில், போன ஆண்டு பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் சனிக்கிழமை வாசிப்பு வட்டம் நடத்தினேன். எடுத்துக்கொண்டது கல்கியின் ‘பார்த்திபன் கனவு’. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம், பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். இது மூன்று பாகம்தான், அத்தியாயங்களும் சின்னவை.

முதல் தவறு என்னுடையது. பாத்திரப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து முதல் வாரமே கொடுத்துவிட்டேன். சிவனடியார் உண்மையில் யார் என்பதும் அதில் இருந்தது! (இங்கே சொல்லப் போவதில்லை.) வெண்ணாற்றங்கரைப் போர்க்களத்தில் சாகும் தறுவாயில் இருக்கும் பார்த்திபனுக்கு அந்த அடியார் தம் முகத்தைக் காட்டுகிறார். கல்கி பெயரை மட்டும் மறைத்துவிடுகிறார். வாசகன் தவிக்க வேண்டிய இடம் அது. என் பிள்ளைகள் தவிக்கவே இல்லை, பட்டியலைப் பார்த்து விடை சொன்னார்கள். நம் பயிற்றிகள் பலவும் இதைத்தான் செய்கின்றன.

பிறகு வெண்பலகையில் சரித்திரம், கற்பனை என்று இரண்டு பத்தி போட்டேன். மாமல்லர் நரசிம்மவர்மர், காஞ்சி, மாமல்லபுரம், 642-இல் வாதாபியைப் பிடித்தது எல்லாம் முதல் பத்தி. பார்த்திபன், விக்கிரமன், பொன்னன், வள்ளி, செண்பகத்தீவு எல்லாம் இரண்டாவது. “அப்ப எல்லாம் பொய்யா டீச்சர்?” என்று ஒரு பையன் முகம் சுருங்கிப் போனான். ஏழாம் நூற்றாண்டில் சோழர்கள் சிற்றரசர்களாகச் சுருங்கிக் கிடந்தது உண்மை. அப்படிச் சுருங்கியவனுக்கு மனசு எப்படி இருந்திருக்கும் என்பதுதான் கல்கி போட்ட கற்பனை என்றேன். ஓரளவு சமாதானமானான்.

நான் எதிர்பார்க்காத கேள்வி சித்திர மண்டப அத்தியாயத்தில் வந்தது. பார்த்திபன் தன் கனவை ரகசியமாக ஓவியங்களாகத் தீட்டி வைத்திருக்கிறான். கடல் கடந்து போகும் கப்பல்கள், அவற்றில் புலிக்கொடி. நாங்கள் இருப்பது கெடா. மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஒரு மாணவி கேட்டாள்: “அந்தக் கப்பலெல்லாம் கடைசில இங்கதான வந்துச்சு? இங்க இருந்த ராஜாவும் கப்பம் கட்ட மாட்டேன்னு சொல்லியிருப்பாரா டீச்சர்?”

1025-இல் ராஜேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததாக ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி சொல்கிறது. பார்த்திபன் கண்ட கனவு சுமார் முந்நூறு ஆண்டுகள் கழித்துப் பலித்தது என்றுதான் கல்கியும் நாவலை முடிக்கிறார். கப்பம் கட்ட மறுத்துச் சாவதால்தான் பார்த்திபன் நமக்குப் பெரியவனாகிறான். ஆனால் அவன் கனவோ அடுத்தவர் கரையில் தன் கொடி பறப்பது. இந்த முரண் கல்கியின் கண்ணில் படவே இல்லை. 1941-இல், வெள்ளையர் ஆட்சியில், புதிதாகத் தொடங்கிய தம் பத்திரிகையில் அவர் எழுதிய தொடர் இது. அன்றைய வாசகனுக்கு இழந்த பெருமை வேண்டியிருந்தது, புரிகிறது. அதற்காக முரண் இல்லாமல் போய்விடாது. ‘கருப்பொருள்: சுதந்திர வேட்கை’ என்று இத்தனை நாள் எழுதிப் போட்டது பாதிதான் என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் கல்கியில் குறை காட்டலாமா, தமிழ்ப் பற்று குறைந்துவிடாதா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி கேட்ட மாணவிதான் மூன்றாம் பாகத்தை எல்லாருக்கும் முன்னால் முடித்தவள். எஸ்.பி.எம். எழுதும் மாணவர்களுக்கும் இதைச் சொல்வேன்: பாத்திரப்படைப்பு பற்றிய கேள்விக்குப் புகழுரை மட்டும் எழுதாதீர்கள். முரண் தெரிந்தால் நாவலிலிருந்தே சான்று காட்டி எழுதுங்கள்.

அடுத்த வாரம், கடாரத்து அரசன் பார்த்திபனுக்கு எழுதுவதாக ஒரு கடிதம் கேட்டேன். இருவரும் ஒரே காலத்தவர் அல்ல, சும்மா ஒரு கற்பனை. “உங்களுக்குத்தான் கப்பம் கட்டுனா எப்படி இருக்கும்னு தெரியுமே, பிறகு ஏன்?” என்று ஒருவன் எழுதியிருந்தான். ‘கட்டினால்’ என்று மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

இந்த ஆண்டு நடத்தப் போகிறவர்களுக்கு: திறை, சிற்றரசு, காபாலிகர் மாதிரிச் சொற்களை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். வாரத்துக்கு மூன்று அத்தியாயம் போதும். பாத்திரப் பட்டியல் கொடுக்காதீர்கள்.