நடைக்கு ஏற்ற பாட்டு

திருவண்ணாமலை என்றதும் இசை தெரிந்தவர்களுக்கு அருணகிரிநாதர்தான் முதலில் நினைவுக்கு வருவார். துள்ளி ஓடும் சந்தம், வல்லினமும் மெல்லினமும் உரசிப் பொறி பறக்கும் வரிகள், பாடுகிறவரை மூச்சுக்கு இடம் தேட வைக்கும் தாளக் கணக்கு. திருப்புகழின் அந்த ஓட்டம் எனக்கு ஒருநாளும் சலித்ததில்லை. ஆனால் இதே ஊருக்கு இன்னொரு இசையும் உண்டு. அதற்கு அவசரமே கிடையாது. காலை இளவெயிலின் இதம் அதில் இருக்கும். காதால் மட்டும் கேட்டால் அது பாதிதான் கிடைக்கும். மீதியைக் கால்தான் கேட்க வேண்டும்.

அந்த இசையின் ஊற்று ஒரு பிச்சைப் பாட்டு. ரமண மகரிஷி அண்ணாமலையின் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், உடனிருந்த அடியார்கள் மலையிறங்கி ஊர்த் தெருக்களில் பிச்சை எடுத்து வருவார்கள். வரும்போது சிவனைப் போற்றும் பழைய வடமொழிப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு வருவது வழக்கம். அந்தக் குரல் கேட்டால் வீட்டுப் பெண்கள் சோற்றோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இதைத் தெரிந்துகொண்ட வேறு சிலர் அதே பாட்டைப் பாடி முந்திக்கொண்டார்களாம். அதனால், தங்களுக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று அடியார்கள் ரமணரைக் கேட்டார்கள். அவர் உடனே எழுதிவிடவில்லை. பிறகு ஒருநாள் மலையைச் சுற்றி நடக்கும்போது பாட்டு தானாகப் பெருகி வந்தது என்பது வரலாறு. அதுதான் அருணாசல அக்ஷரமணமாலை. அகரவரிசையில் தொடங்கும் 108 கண்ணிகள்.

பசித்தவர்கள் தெருவில் பாடுவதற்காக, நடந்துகொண்டிருந்த ஒருவரிடம் பிறந்த பாட்டு அது. அதன் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு செய்தியிலேயே அடங்கியிருக்கிறது. கண்ணிகள் சின்னவை, ஒன்று முடிந்ததும் மலையின் பெயரும் சிவனின் பெயரும் மாறி மாறி வரும் பல்லவி. கண்ணிக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. பல்லவிக்கு அப்படி எதுவும் இல்லை, அது மூச்சு வாங்கும் இடம். ரமணாசிரமத்தில் மாலை நேரத் தமிழ்ப் பாராயணத்தில் ரமணரின் பாடல்களை ஒரு பக்கம் ஆண்களும் மறுபக்கம் பெண்களும் மாற்றி மாற்றிப் பாடுவார்கள். சுருதிப் பெட்டிக்கு மேல் வாத்தியம் தேவைப்படுவதில்லை. யாரும் குரலை உயர்த்துவதும் இல்லை. முதல் சில கண்ணிகள் வரை அது ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். காது அடங்கிய பிறகுதான், அது நகர்ந்துகொண்டே இருந்தது தெரியவரும்.

மலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல நடக்க வேண்டும் என்பது இந்தப் பாதையின் மரபு. காலடிச் சத்தமே எழக் கூடாது. ரமணர் இரவு முழுவதும் நடந்திருக்கிறார். வழியில் தங்கித் தங்கி அதற்கு மேலும் நேரம் எடுத்துக்கொண்டதும் உண்டு. சாதாரண நடையில் நிமிடத்துக்கு நூறு அடிக்கு மேல் வைக்கிறோம். அரசியின் நடையில் அது வெகுவாகக் குறைந்துவிடும். அந்தக் குறைந்த எண்ணிக்கையில்தான் அக்ஷரமணமாலையின் தாளமும் உட்கார்ந்திருக்கிறது.

மேற்குலகில் இப்படிப்பட்ட வேகத்துக்கு டவுன்டெம்போ என்று பெயர் வைத்து ஒரு தனி வகையாகவே வளர்த்தார்கள். ஸ்பெயினின் இபிசா தீவில் கஃபே டெல் மார் என்ற கடலோரக் கடை 1980இல் திறந்தது. 90களில் ஹோசே படியா என்ற டிஜே அங்கே சூரியன் இறங்கும் நேரத்துக்கென்றே இசை தேர்ந்து ஒலிக்கவிட்டார். 1994 முதல் அவை தொகுப்புகளாக வெளிவந்து உலகம் சுற்றின. மெதுவான தாளம், கதகதப்பான பேஸ், கிட்டார், வெளிச்சம் குறையாத ஒலி. அந்தத் தொகுப்புகளை விரும்பிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவை உட்கார்ந்திருப்பவருக்கான இசை. கையில் கோப்பையும் கண்ணெதிரே கடலும் வேண்டும். அண்ணாமலையின் இசைக்கு நடக்கிற உடம்பு வேண்டும்; வெறுங்கால் இருந்தால் இன்னும் நல்லது.

இந்த இரண்டுக்கும் நடுவில், தமிழர் காதுக்கு மிக அருகில், இளையராஜா நிற்கிறார்.

அவருடைய நிதானம் ஒரே இடத்திலிருந்து வந்ததல்ல. பண்ணைப்புரத்துச் சிறுவனாக, அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராக மேடை ஏறிய காலம் ஒன்று. 1961இல் வந்த ‘பாக்கியலட்சுமி’ படத்தின் ‘மாலைப் பொழுதின் மயக்கத்திலே’ போன்ற விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாடல்கள் தமிழ்நாட்டுக் காற்றில் நிறைந்திருந்த பருவம் ஒன்று. சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றது, சலீல் சௌத்ரியின் ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசித்தது, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் கிட்டார் வாசித்த விரல் என்பதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டின் அடியில் என்ன ஓட வேண்டும் என்பதை அந்த விரல் அறிந்திருந்தது.

‘முள்ளும் மலரும்’ (1978) படத்தின் ‘செந்தாழம் பூவில்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் வண்டி ஏறுகிறது, யேசுதாஸ் பாடுகிறார், பாலு மகேந்திராவின் கேமரா இயல்பான வெயிலை அப்படியே வாங்கிக்கொள்கிறது. எங்கேயோ போய்ச் சேர வேண்டும் என்ற துடிப்பு அந்தப் பாட்டில் இல்லை. வளைவுகள்தான் அதற்கு முக்கியம். அந்தப் படத்தை இயக்கிய மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (1980) படத்தில் ‘பருவமே புதிய பாடல் பாடு’. ஓடுகிறவர்களின் காலடிக்காகத் தொடையில் கையால் தட்டித் தாளம் எடுத்தார்கள் என்பது பிரபலமான செய்தி. அதைவிட என்னை வியக்க வைப்பது, ஓட்டத்தின் மேல் எஸ்.பி.பி.யும் ஜானகியும் பாடும் மெட்டு ஓடாமல் மிதப்பது. கீழே கால் ஒரு வேகத்தில், மேலே குரல் அதைவிட மெதுவாக. இரண்டு காலங்களை ஒரே பாட்டில் சண்டையில்லாமல் குடிவைக்கும் இந்த வித்தையைப் பிறகு அவர் எத்தனையோ பாடல்களில் செய்தார்.

‘அவதாரம்’ (1995) படத்தின் ‘தென்றல் வந்து தீண்டும்போது’ அதன் உச்சம் என்பேன். பார்வையற்ற பெண்ணுக்கு வண்ணங்களை உணர வைக்க முயலும் பாட்டு. இப்படிப்பட்ட சூழலுக்கு வயலின்களை அழவிடுவது சுலபமான வழி. ராஜா அழவிடவில்லை. தன்னுடைய சற்றே கரகரத்த குரலையும் ஜானகியின் குரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கீழே பேஸை உலாவ விட்டார். இனி கேட்கும்போது பாடகர்களைக் கொஞ்சம் மறந்து அந்த அடிக்குரலை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பாட்டின் வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது.

இளையராஜா ரமண பக்தர் என்பதும் ரமணாசிரமத்துக்கு அவர் அடிக்கடி வந்து போவதும் ஊரறிந்த விஷயம். தானே எழுதி இசையமைத்த ‘ரமண மாலை’ என்ற தொகுப்பு அந்த உறவின் கனி. திரைப்படத்தின் கட்டாயங்கள் எதுவும் அதற்கு இல்லை. மூன்று நிமிடத்தில் ஆளைப் பிடித்துவிட வேண்டிய பதற்றம் இல்லை. அவருடைய நிதானம் தன் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்த இடம் என்று அதைச் சொல்வேன்.

அந்தத் தொகுப்பில்தான் ‘பிச்சைப் பாத்திரம்’ இருக்கிறது. பலரும் அதை ‘நான் கடவுள்’ (2009) படப் பாட்டாக மட்டுமே அறிவார்கள். இயக்குநர் பாலா அதைப் படத்துக்கு எடுத்துக்கொண்டபோது மது பாலகிருஷ்ணன் பாடினார். மாயாமாளவகௌளையில் அமைந்த பாட்டு. கர்நாடக சங்கீதம் பயிலும் குழந்தைக்கு சரளி வரிசை சொல்லிக்கொடுக்கும் முதல் ராகம் இது. அதன் கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே அமைப்பு. எத்தனையோ அரிய ராகங்களைத் திரைக்குக் கொண்டுவந்த மனிதர், பிச்சை கேட்டு நிற்கும் பாட்டுக்கு மட்டும் பாலபாடத்தைக் கையில் எடுத்திருக்கிறார். கேட்பவனிடம் வித்தையைக் காட்டக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மெட்டு ஓர் அடி ஏறுகிறது, நிற்கிறது, இறங்குகிறது. மதுவின் கனத்த குரல் தாழ்ந்த சுரங்களில் இருக்கும்போது பாட்டு உடம்புக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றும்.

விரூபாட்ச குகை அடியார்களின் பிச்சைப் பாட்டை நினைத்துத்தான் ராஜா இதை எழுதினாரா என்று நான் ஆராயப் போவதில்லை. கேட்கிற காதுக்கு உறவு தெளிவாகவே இருக்கிறது. அங்கே சோற்றுக்காகப் பாடியது அருளுக்கான பாட்டானது. இங்கே அருளுக்காகப் பாடியது, பிச்சைக்காரர்களின் கொடிய உலகைக் காட்டும் ஒரு படத்தில், சோற்றுக்கு ஏந்திய கைகளின் பாட்டாகத் திரும்பியது. அந்தப் படத்தின் அத்தனை இருட்டுக்கு நடுவிலும் அதன் இதம் குறையவில்லை.

இன்று கிரிவலப் பாதையில் கடைக்குக் கடை ஒலிபெருக்கி. பௌர்ணமி இரவுகளில் அவற்றிலிருந்து வரும் பக்திப் பாடல்களில் பெரும்பாலானவை இயந்திர டிரம்மின் ஓட்டத்தில் இருக்கின்றன. அவை காலைத் தள்ளுகின்றன. நடக்கிறவரின் மூச்சு ஒரு கணக்கிலும் பாட்டு இன்னொரு கணக்கிலும் போகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நடக்கும்போது பிறந்த பாட்டுகள் கைவசம் இருக்கும் ஊர் இது. கூட்டமில்லாத நாளில், விடிந்து சற்று நேரம் கழித்து, அடி அண்ணாமலைப் பக்கம் மலை முழுதாக வெயில் வாங்கும்போது அக்ஷரமணமாலையை மனசுக்குள் சொல்லி நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ராஜாவின் ஆன்மிக இசை என்றால் 2005இல் வந்த ‘திருவாசக’த்தைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் வாசிப்பில் மாணிக்கவாசகர் எழுந்து நிற்பது பெரிய காரியம்தான். அந்த மாணிக்கவாசகரே திருவெம்பாவையை இந்த ஊரில்தான் பாடினார் என்பது மரபு. இருந்தாலும் என் தராசில் ‘ரமண மாலை’யின் தட்டுதான் தாழ்கிறது. ‘திருவாசக’த்தை அரங்கில் உட்கார்ந்து வணக்கத்தோடு கேட்கிறேன். ‘ரமண மாலை’யோடு 14 கிலோமீட்டரும் நடக்க முடிகிறது.