கிரீஸின் குணம்

சேறடித்துவிட்டுக் கரையேறும் டிராக்டரில் என் கண் முதலில் போவது ரோட்டவேட்டர் ஷாஃப்டின் சிலுவை மூட்டான கிராஸுக்குத்தான். நிப்பிளைத் துணியால் நன்றாகத் துடைத்து, கிரீஸ் கன்னை மாட்டி அழுத்த வேண்டும். துடைக்காவிட்டால் வாயில் ஒட்டிய மணலையும் நாமே உள்ளே தள்ளிவிடுவோம். நாலு முனையிலும் முதலில் கறுப்பாக, சேறு கலந்து பிதுங்கும். பிறகு புதுக் கிரீஸ் சுத்தமாக எட்டிப் பார்க்கும். அதைக் காண்பதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை.

கிரீஸில் பெரும்பகுதி எண்ணெய்தான். தண்ணீரைப் பஞ்சு பிடித்துவைப்பதுபோல அதைப் பிடித்துவைப்பது ஒரு சோப்பு. குணமெல்லாம் அந்தச் சோப்பில். சாதாரணக் கால்சியம் கிரீஸ் தண்ணீருக்கு அசையாது. ஆனால் சூடு 100 டிகிரியை நெருங்கினால் இளகிவிடும். லித்தியம் கிரீஸ் உருகி ஒழுக 180 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈரத்தையும் ஓரளவு தாங்கும். அதனால்தான் பெரும்பாலான பண்ணை வேலைக்கு என்.எல்.ஜி.ஐ. 2 கெட்டியில் லித்தியம் கிரீஸ் போதும் என்கிறேன். இடியும் அதிர்வும் வாங்கும் லோடர் பின்களுக்கு மட்டும் மாலிப்டினம் டைசல்பைடு சேர்ந்த கறுப்புக் கிரீஸ் நல்லது.

நிறத்தைப் பார்த்து வாங்கவே கூடாது. சிவப்பும் நீலமும் வெறும் சாயம். டப்பாவில் எழுதியிருப்பதைத்தான் படிக்க வேண்டும். ஒத்துப்போகாத இரண்டு சோப்புகள் ஒரே பேரிங்கில் கலந்தால், கிரீஸ் நீர்த்து வழிந்துவிடும்.

சேற்று வேலை முடிந்த அன்றைக்கே, வண்டியை நிறுத்துவதற்கு முன் ஒருமுறை கிரீஸ் அடித்துவிடுங்கள். உள்ளே புகுந்த தண்ணீரை அது வெளியே தள்ளிவிடும்.