படக்கதை வீரரும் தொலைக்காட்சியும்: வழிநூல் நோக்கில் ஓர் ஆய்வு

அமெரிக்கப் படக்கதைகளில் பிறந்த வீரர்கள் இன்று உலகெங்கும் அறிந்த பெயர்களாகிவிட்டனர். எனினும் அவர்களை அறிந்தோருள் பலர் அச்சிட்ட ஏடுகளைப் படித்து அறிந்தவர் அல்லர். திரையிற் கண்டு அறிந்தவரே. ஆதலின் திரையிற் கண்ட உருவமே அவ்வீரனின் மெய்யுருவம் என்று அவர்கள் கொள்ளுகின்றனர். ஏட்டைப் படித்தவரோ, "கதையைக் கெடுத்துவிட்டார்கள்" என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறி அமைகின்றனர். மாற்றப்பட்டது எது, ஏன் மாற்றப்பட்டது, அதனால் பாத்திரம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்று வகுத்து நோக்குவார் இரு சாராரிலும் அரியர்.

சிறுவர் கேளிக்கைக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். நம் மாணாக்கர் கதையை விரும்பிக் கேட்கும் இடம் எதுவோ, அவ்விடத்திலேயே அவர்தம் திறனாய்வு உணர்வும் முளைவிடுகிறது. அங்கே "நன்று", "தீது" என்னும் இரு சொல்லோடு நின்றுவிடப் பழகிய மாணவன் நாளைக் காப்பியம் கற்கும்போதும் அவ்விரு சொல்லோடுதான் நிற்பான். ஆதலின் இப்பொருள் ஆசிரியர்க்குப் புறம்பானதன்று.

அளவுகோல் யாது?

ஒருவர் படைத்ததை மற்றொருவர் மீண்டும் படைக்கும்போது அதனை மதிப்பிடும் அளவுகோல் நம்மிடம் உண்டு. நன்னூற் பாயிரத்தில் பவணந்தியார் வழிநூலின் இலக்கணத்தைக் கூறுகிறார். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்திருத்தல் ஒன்று. பின் வந்தவன் தான் வேண்டிய வேறுபாட்டைக் கூறுதல் மற்றொன்று. மரபு அழியாதிருத்தல் மூன்றாவது. வேறுபடுதல் குற்றமென்று அவர் கூறவில்லை என்பது கருதத்தக்கது. வேறுபாட்டை வழிநூலின் உறுப்பாகவே அவர் வைத்திருக்கிறார்.

அவர் வகுத்தது நூல்களுக்கான இலக்கணம். படக்கதை வீரனுக்கோ முதனூல் எது என்பதே எளிதில் துணிய முடியாதது. பேட்மேன் என்னும் வீரன் 1939ஆம் ஆண்டில் தோன்றியவன். அன்று தொட்டு எத்தனையோ கைகள் அவனை எழுதியும் வரைந்தும் வந்துள்ளன. எனவே இவ்வளவுகோல் இங்கு முற்றும் பொருந்தும் என்று கூறுவதற்கில்லை. எனினும் வேறு அளவுகோல் இல்லாமல் தடுமாறுவதினும் இதனைக் கைக்கொண்டு சில எடுத்துக்காட்டுகளை நோக்குவது பயன்தரும்.

பெயர் கொடுத்த தொடர்

1966ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் அமெரிக்காவில் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. 1968 வரை 120 அங்கங்கள் வந்தன. வண்ணங்கள் கண்ணைப் பறிக்கும். சண்டைக் காட்சியில் அடியின் ஓசை எழுத்தாகவே திரையில் பாயும். நகைப்புக்குரிய சொற்களை நாயகன் சிறிதும் நகையாமல் உரைப்பான். சிறுவன் அதனை வீரமாகக் கண்டான். அவன் தந்தை அதனை நகைச்சுவையாகக் கண்டார். இத்தொடர் வீரனைக் கோமாளியாக்கிவிட்டது என்று பிற்காலத்தார் பலர் வைதனர்.

அந்த வசை முற்றும் நேரியதன்று. 1950களில் வந்த பேட்மேன் ஏடுகளைப் புரட்டுவோர், வேற்றுக் கோள்களினின்று வந்த விந்தை உயிர்களோடு அவன் போரிடுவதைக் காண்பர். தொடரின் முதற்கதையே 1965இல் வெளிவந்த ஓர் ஏட்டிலிருந்து எடுத்தாளப்பட்டதாகும். தன் காலத்து ஏட்டினின்று அது பெரிதும் விலகவில்லை. ஏட்டில் மறைந்து கிடந்த நகைப்பை வெளிப்படுத்திக் காட்டியது.

அத்தொடர் செய்த சிறு மாற்றம் ஒன்று பின்னாளில் பெரும்பயன் விளைத்தது. 1959ஆம் ஆண்டு ஏடு ஒன்றில் மிஸ்டர் ஜீரோ என்னும் திருடன் வந்தான். பனியை உமிழும் துப்பாக்கி, குளிரிலன்றி வாழவொண்ணாத உடல், அதற்கேற்ற கவச உடை ஆகிய மூன்றும் தவிர அவனிடம் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. தொலைக்காட்சித் தொடர் அவனுக்கு உறைதல் என்னும் பொருள்பட மிஸ்டர் பிரீஸ் என்று பெயர் மாற்றியது. 1968இல் ஏடும் அப்பெயரையே ஏற்றுக்கொண்டது. வழிநூல் முதனூலுக்குப் பெயர் கொடுத்த விந்தை இது. எனினும் அப்போது அவன் பெற்றது பெயர் மட்டுமே. உயிர் பெறுவதற்கு மேலும் கால் நூற்றாண்டு காத்திருந்தான்.

உயிர் கொடுத்த தொடர்

1992இல் பேட்மேன் கதைகள் வரைபட இயக்கத் தொடராக வந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் ஒளியேறிய "பனி இதயம்" என்னும் பொருள்படும் அங்கத்தைப் பால் டீனி எழுதினார். புரூஸ் டிம் இயக்கினார். அதன் நீளம் அரைமணிக்கும் குறைவே.

இதில் பிரீஸ் ஓர் அறிவியலறிஞன். அவன் மனைவி நோராவுக்குத் தீராத நோய். மருந்து காணுமளவும் அவளைக் குளிர்ப்பேழையில் உறங்கவைத்து ஆராய்ச்சி செய்து வருகிறான். செலவு மிகுகிறது என்று நிறுவனத் தலைவன் அக்கருவிகளை நிறுத்த ஆணையிடுகிறான். தடுக்கச் சென்ற பிரீஸ் மருந்துக் கலவைகளின் மீது தள்ளப்படுகிறான். மனைவியை இழந்தான், வெப்பத்தில் வாழும் உடலையும் இழந்தான். அந்தத் தலைவனோ மனிதநேயத்துக்காகப் பரிசு பெறும் விழாவில் நிற்கிறான். அங்கேதான் பிரீஸ் பழிதீர்க்க வருகிறான்.

இங்கு நிகழ்ந்த மாற்றத்தை நுணுகி நோக்குவோம். துப்பாக்கி மாறவில்லை, கவசம் மாறவில்லை, குளிரும் மாறவில்லை. முன்னோர் தந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஆனால் முன்பு குளிர் ஒரு கருவியாக இருந்தது. இப்போது அது துயரின் வடிவமாயிற்று. அவன் ஏற்றத்தாழ்வற்ற ஒரே தொனியில் பேசுகிறான். உணர்ச்சி இல்லாதவன் போலும் என்று நாம் எண்ணுகிறோம். உணர்ச்சியை உறையவைத்துக்கொண்டால்தான் அவனால் நடமாட முடியும் என்பது மெல்லப் புலனாகிறது. கண்ணாடிக் குமிழுக்குள் சுழலும் சிறு நடனப் பாவை ஒன்றை அவன் வைத்திருக்கிறான். பேழைக்குள் உறங்கிய மனைவியை அப்பாவை நினைவூட்டுகிறது. விளக்கவுரை இன்றிப் பொருள் விளங்குகிறது.

பேட்மேன் அவனை வெல்லுகிறான். வென்ற பிறகு, நடந்த கொடுமையைக் காட்டும் ஒளிநாடாவைச் செய்தியாளரிடம் கொடுத்து அந்தத் தலைவனின் முகத்திரையையும் கிழிக்கிறான். இறுதியில் பிரீஸ் சிறையறையில் மனைவியிடம் மன்னிப்பு வேண்டி நிற்க, பேட்மேன் வெளியே நின்று காண்கிறான். தாய் தந்தையரைச் சிறுவயதில் இழந்து, அந்த இழப்பையே வாழ்க்கையாக்கிக்கொண்டவன் அவன். இருவரும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்பது அந்த ஒரு காட்சியில் தெளிவாகிறது. பகைவனுக்குச் செய்த மாற்றம் நாயகனையும் விளக்குகிறது. வழிநூலாசிரியன் கூறும் வேறுபாடு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைத்தல் அரிது. ஏடும் இக்கதையை மறுக்காமல் தன் மரபாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் 2012இல் வந்த ஏடு ஒன்று இதனைத் தலைகீழாக்கியது. நோரா அவன் மனைவியே அல்லள். தன் மனைவி என்று அவனே மயங்கியிருந்தான் என்று அது கூறியது. அம்மாற்றத்திலும் ஒரு நல்ல வினா புதைந்து கிடக்கிறது. அந்தப் புகழ்பெற்ற அங்கத்தில் நோரா வாய்திறப்பதில்லை. கண்ணாடிக்குள் கிடக்கும் பெண்ணின் உள்ளம் என்ன என்று எவரும் கேட்கவில்லை. இந்தக் குறையைக் கண்டது 2012ஆம் ஆண்டு ஏட்டின் சிறப்பு. ஆயின் விடையாக அது தந்தது என்ன? நோராவைப் பேசவைக்கவில்லை, பிரீஸைப் பித்தன் என்று கூறி முடித்தது. துயரத்தை நோயாக்கிவிட்டால் அதனைப் பற்றி மேலே எண்ண வேண்டுவதில்லை. முன்னோர் முடிபும் போயிற்று, மரபும் அழிந்தது, ஈடாகப் பெற்றது ஒரு திடுக்கிடல் மட்டுமே. பிற்றைய ஏடுகள் நோராவை மீண்டும் மனைவியாகவே கொண்டமை இத்தீர்ப்புக்குத் துணையாகும்.

பெற்றதும் இழந்ததும்

இனி, ஒருபால் பெற்று மறுபால் இழந்த ஒரு தொடரைக் காண்போம். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1962இல் ஹல்க் என்னும் பாத்திரத்தைப் படைத்தனர். புரூஸ் பானர் புதுவகைக் குண்டு ஒன்றை ஆக்கிய அறிஞன். சோதனைத் திடலில் புகுந்துவிட்ட இளைஞனைக் காக்க ஓடி, தான் ஆக்கிய குண்டின் கதிர்வீச்சுக்குத் தானே இரையாகிறான். பின்னர் அவனுள்ளிருந்து கட்டுக்கடங்காப் பேருருவம் வெளிப்படுகிறது. அணுகுண்டின் அச்சம் உலகைச் சூழ்ந்திருந்த காலத்துக் கதை அது.

1977இல் கென்னத் ஜான்சன் இதனைத் தொலைக்காட்சிக்கு ஆக்கினார். 1982 வரை தொடர் நடந்தது. அவர் புரூஸ் என்னும் பெயரை டேவிட் என்று மாற்றினார். குண்டையே நீக்கிவிட்டார். கார் விபத்தில் மனைவி சிக்கியபோது அவளை மீட்க இக்கணவனுக்கு வலிமை போதவில்லை. இடர் வேளையில் சிலர்க்கு மட்டும் அளப்பரும் வலிமை எங்கிருந்து வருகிறது என்று ஆராயத் தொடங்குகிறான். தன் உடலையே சோதனைப் பொருளாக்குகிறான். மழை பெய்யும் இரவில் காரின் சக்கரத்தைக் கழற்றும்போது கையில் அடிபட, முதன்முறை பேருருவம் எழுகிறது. அன்று வேண்டியிருந்த வலிமை இன்று வந்திருக்கிறது. காக்க வேண்டியவள்தான் இல்லை. காலம் கடந்து வந்த வலிமை என்னும் இக்கருத்து ஏட்டில் இல்லாதது.

பில் பிக்ஸ்பி பானராகவும், லூ பெரிக்னோ ஹல்க்காகவும் நடித்தனர். ஏட்டில் பேசும் ஹல்க் தொடரில் பேசுவதில்லை; முழங்குவதோடு சரி. சிவப்பே சினத்தின் நிறம் என்று கருதிய ஜான்சன் ஹல்க்கைச் சிவப்பாக்க விரும்பியதையும், ஸ்டான் லீ பச்சையை விட்டுக்கொடுக்காததையும் பின்னாளில் கூறியுள்ளார். எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்னும் வழக்கு படைப்பாளரிடையேயும் நிகழ்கிறது என்பதற்கு இது சான்று.

வாரந்தோறும் கதை முடிய வேண்டும் என்பது தொலைக்காட்சியின் கட்டுப்பாடு. அக்கட்டுப்பாட்டையே ஜான்சன் நாயகனின் ஊழாக்கினார். ஒவ்வொரு வாரமும் பானர் ஒரு புதிய ஊரில் பிறர் துயர் துடைக்கிறான். உருவம் வெளிப்பட்டதும் ஊரைவிட்டுப் போகிறான். சாலையோரத்தில் தனியே நடந்து செல்லும் அவனோடுதான் கதை முடிகிறது. விக்தர் ஊகோவின் "ஏழை படும் பாடு" நாவலில் நாயகனைத் துரத்தும் அதிகாரியைப் போல ஒரு செய்தியாளன் இவனைப் பின்தொடர்கிறான். அந்நாவலைத் தழுவியே அப்பாத்திரத்தை அமைத்ததாக ஜான்சனும் உரைத்துள்ளார்.

இவையெல்லாம் ஆதாயமே. இழப்பையும் சொல்லுதல் வேண்டும். குண்டை ஆக்கியவனே அதற்கு இரையானான் என்பதில் அறிவியலையும் போரையும் பற்றிய கடுந்தீர்ப்பு ஒன்று இருந்தது. தொடரில் அது தனிமனிதன் ஒருவனின் துயராகச் சுருங்கியது. கண்ணீர் பெருகியது, குற்றச்சாட்டு மறைந்தது. பிரீஸின் கதையில் துயரமும் குற்றச்சாட்டும் ஒருங்கே நின்றதை இதனோடு ஒப்பிட்டு உணர்க.

ஒரு வரியும் மாறாமல் பொருள் மாறுதல்

மூன்றாவது வகை ஒன்றுண்டு. ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த "வாட்ச்மென்" 1986, 87ஆம் ஆண்டுகளில் 12 ஏடுகளாக வந்தது. அதில் முகமூடி அணிந்த முதல் வீரன் முக்காடிட்டுக் கழுத்தில் தூக்குக்கயிற்றோடு தோன்றுகிறான். அவன் யார் என்பது உறுதிப்படவே இல்லை. 2019இல் டேமன் லிண்டலோப் அமைத்த தொலைக்காட்சித் தொடர் அக்கதையின் நிகழ்ச்சிகளை அப்படியே ஏற்றுக்கொண்டு, இந்த ஓர் இடைவெளியில் மட்டும் கைவைத்தது. அவ்வீரன் ஒரு கறுப்பின மனிதன் என்றது.

1921இல் டல்சா நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களின் குடியிருப்பை எரித்துப் பலரைக் கொன்றது வரலாறு. அதில் தப்பிய சிறுவன் வளர்ந்து காவலனாகிறான். உடன் பணிபுரியும் வெள்ளைக் காவலரே அவனைத் தூக்கில் ஏற்றி, உயிர் போகுமுன் அறுத்துவிடுகின்றனர். அக்கயிறு கழுத்தில் தொங்க வீடு திரும்பும் வழியில் அவன் முதன்முதலாக முகத்தை மூடிக்கொண்டு பிறரைக் காக்கிறான். கண்ணைச் சுற்றி வெள்ளைப் பூச்சும் பூசிக்கொள்ளுகிறான். வேறு வீரர்கள் தம் குடும்பத்தைக் காக்க முகத்தை மறைக்கின்றனர். இவனோ, நீதி வழங்க இம்முகத்துக்கு உரிமையில்லை என்று நாடு கூறியதால் மறைக்கிறான்.

இதனைக் கண்டபின் பழைய ஏட்டைத் திறந்தால் படம் அதே படம். கயிறும் அதே கயிறு. ஆயினும் அதனை முன்போல் ஓர் அணிகலனாகக் காண நம்மால் முடிவதில்லை. இஃது உரையாசிரியரின் பணி போன்றது. நல்லுரையாசிரியர் மூலத்தில் எழுத்தொன்றும் திருத்துவதில்லை. நாம் பாராது கடந்த சொல்லைத் தொட்டுக் காட்டுகிறார்.

தம் படைப்புகளைத் திரைக்கு ஆக்குவதை மூர் விரும்பாதவர். தம் பெயரையும் அவற்றில் இடவேண்டா என்று கூறியவர். அவர் மனக்குறை மதிக்கத்தக்கது. எனினும் ஆசிரியரின் இசைவு வேறு, ஆக்கத்தின் தகுதி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் எடைபோடுவதே திறனாய்வாளன் கடன்.

முடிவுரை

கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மாற்றத்தின் அளவைக் கொண்டு மதிப்பிடுவது பயனற்றது. ஹல்க் தொடர் மிகுதியாக மாற்றியது, வாட்ச்மென் தொடர் பழைய நிகழ்ச்சி ஒன்றையும் மாற்றவில்லை, இரண்டும் சிறந்தன. 2012ஆம் ஆண்டு ஏடு மாற்றியது ஓர் உறவை மட்டுமே. எனினும் அது பாத்திரத்தைச் சிறுமைப்படுத்தியது. மாற்றத்தைக் கண்டபின் முன்னதை மீண்டும் திறந்து பார்க்கத் தோன்றுகிறதா, அவ்வாறு பார்க்கும்போது முன்பு காணாத ஒன்று தென்படுகிறதா என்பதே கேட்கத்தக்க வினா.

வகுப்பறையில் மாணாக்கர் தாம் கண்ட தொடரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஆசிரியர் அதனைத் தடுக்க வேண்டுவதில்லை. இவ்வொரு வினாவைக் கேட்டு, விடையைச் சான்றோடு கூறச் செய்தால் போதும். கம்பர் வான்மீகியினின்று வேறுபடும் இடங்களை அவர்கள் கற்க நேரும் நாளில், "ஏன் மாற்றினார்?" என்னும் வினா அவர்கள் வாயிலிருந்தே பிறக்கும்.