‘நனைத்தல்’ என்னும் வினை: ஒரு சொல்லாய்வு

மொழிபெயர்ப்பாளர் அஞ்சுவது அருஞ்சொற்களையே என்பர். உண்மையில் அவரை வழுக்கி விழச்செய்வன எளிய சொற்களே. அருஞ்சொல்லைக் கண்டவிடத்து அகராதியை நாடுவோர், எளிய சொல்லைக் கண்டவிடத்துத் தம் நினைவையே நம்பிவிடுகின்றனர். ஒரு பொருளிற் சிறிது நீர் படச்செய்தலைக் குறிக்கும் வினை அத்தகைய எளிய சொற்களுள் ஒன்று. ஆங்கிலத்தில் ‘டாம்ப்’ எனவும் ‘டாம்பன்’ எனவும் வழங்கும் அவ்வினையை எங்குக் கண்டாலும் ‘ஈரப்படுத்தல்’ என்றே எழுதிச் செல்வார் நம்முட் சிலர். இவ்வழக்குப் பொருந்துமா என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் இப்பொருட்கு முதன்மையான வினைப்பகுதி ‘நனை’ என்பது. பெயர்ச்சொல்லாக நின்று அரும்பையும் தேனையும் கள்ளையும் உணர்த்தும் ‘நனை’ ஈண்டு ஆராய்ச்சிக்குரியதன்று. வினைப்பகுதியாகிய ‘நனை’ தன்வினைக்கும் பிறவினைக்கும் பொதுவானது. நனைந்தான், நனைகின்றான், நனைவான் என வருவன தன்வினை. நனைத்தான், நனைக்கின்றான், நனைப்பான் என வல்லொற்று மிக்கு வருவன பிறவினை. தோய்ந்தான், தோய்த்தான் என்பனவும் இம்முறையின. ‘ஊறு’ என்பதோ வேறு வழிச் செல்கின்றது. ஆறு, ஆற்று எனவும் மாறு, மாற்று எனவும் வருதல்போல ஊறு என்பதும் ஊற்று என இரட்டிக்கும். ஆயினும் ‘ஊற்றுதல்’ என்பது வார்த்தல் என்னும் பொருளிலே நிலைத்துவிட்டமையால், ஒன்றை ஊறச்செய்தலை ‘ஊறவைத்தல்’, ‘ஊறப்போடுதல்’ என்றே கூறுகின்றோம்.

‘நனைத்தல்’ நீர்பட்ட செய்தியை உணர்த்துமேயன்றி நீரின் அளவை உணர்த்தாது. கன்னத்தை நனைக்கும் கண்ணீர்க்கும் ஊரை நனைக்கும் மழைக்கும் வினை ஒன்றே. அளவையும் முறையையும் உணர்த்தவேண்டின் அதன் சுற்றத்துச் சொற்களை நாடல் வேண்டும். துளிதுளியாக மேலே விழச்செய்தல் தெளித்தல். நீருள் இட்டு எடுத்தல் தோய்த்தல். நீர் உட்புகுமளவும் கிடக்கவிடுதல் ஊறவைத்தல். யாழ்ப்பாணத்து வழக்கிலே தோய்தல் நீராடலையும், தோய்த்தல் உடுப்பின் அழுக்குப் போக்கலையும் குறிக்கும். தமிழகத்தார் பின்னதனைத் துவைத்தல் என்பர். கிடுகு பின்னுவோர் தென்னோலையை ஊறப்போடுவர். தும்புக்குரிய மட்டை மாதக்கணக்கில் நீரில் ஊறும். உடுப்பு மினுக்குவோர் நீர் தெளிப்பர். இம்மூன்றையும் ‘ஈரப்படுத்தல்’ என்னும் ஒரு சொல்லால் எழுதின், தொழிலறியாத ஒருவன் மட்டைக்கு நீர் தெளித்துவிட்டுத் தும்புக்குக் காத்திருப்பான்.

விஞ்ஞானப் பாடத்தில் இவ்வேறுபாடு இன்னும் இன்றியமையாதது. அமோனியா வாயுவைச் சோதிக்குஞ் சிவப்புப் பாசிச்சாயத்தாள் ஈரமாயிருத்தல் வேண்டும். உலர்ந்த தாள் நிறமாறாது. கரைசலைச் சோதிக்குங்கால் தாளை அதனுள் தோய்த்து எடுத்தல் வேண்டும். முன்னையது தாளின் நிலை. பின்னையது மாணவனின் செயல். அவ்வாறே, பயறு முளைப்பதற்குப் பஞ்சு ஈரலிப்பாக இருத்தல் வேண்டும். பயற்றை நீருள் அமிழ்த்தி விட்டாலோ போதிய ஒட்சிசன் இன்றி அது அழுகிப்போகும். சொல்லிலே பிழைப்பின் சோதனையும் பிழைக்கும். ஆதலின், எஞ்சிநிற்கும் நிலையைக் கருதியவிடத்து ‘ஈரமாக்குதல்’ என்பது கொள்ளத்தக்கதே. செயலைக் கருதியவிடத்து அது நனைத்தலா, தோய்த்தலா, தெளித்தலா என வரையறுத்துக் கூறலே முறை.

இனி, ஆங்கிலச் சொல்லின் மற்றைப் பாதியை நோக்குவோம். ஒலியைக் குறைத்தலும், அலைவைக் குறைத்தலும், ஊக்கத்தைக் குன்றச்செய்தலும் அதே சொல்லாற் கூறப்படும். இப்பொருள்கள் நீரிலிருந்து பிறந்தன எனக் கருதுதல் பொருந்தாது. ‘டாம்ப்’ என்பது முதலில் ஆவியைக் குறித்த சொல். ஜெர்மானிய மொழியில் நீராவிக்கு இன்றும் ‘டாம்ப்ஃப்’ என்றே பெயர். ஆங்கிலத்தில் அது சுரங்கங்களிற் பரவும் நச்சுவாயுவுக்குப் பெயராயிற்று; அதன்வழியே, வினையாக நின்று மூச்சை அடக்குதல், தீயை அடக்குதல், ஊக்கத்தை அடக்குதல் எனப் பொருள் விரிந்தது. ஈரமாக்குதல் என்னும் பொருள் 17ஆம் நூற்றாண்டளவிற் பின்வந்து சேர்ந்ததாகும். ஆகவே அடக்குதற்பொருள் வருமிடத்துத் தமிழில் ஈரத்துக்கு இடமேயில்லை. அலைவைத் ‘தணித்தல்’ என்பதும், ஊக்கத்தைக் ‘குன்றச்செய்தல்’ என்பதும் நேரிய ஆட்சிகள்.

இவ்விடத்திற் பிழைப்பது சொல்லளவிலே நின்றுவிடும் குற்றமன்று; பொருளையே தலைகீழாக்கும் குற்றமாகும். தமிழில் ஈரம் என்பது அன்பின் பெயர். திருக்குறளில் ‘இனியவை கூறல்’ அதிகாரத்து முதற்குறளில் வரும் ஈரத்துக்குப் பரிமேலழகர் அன்பென்றே பொருள்கொண்டார். அந்நூலே ‘கயமை’ அதிகாரத்தில், உண்டு கழுவிய ஈரக்கையைத் தானும் உதற மனமில்லாதாரைப் பேசுகின்றது. கையில் ஈரமிருந்தும் நெஞ்சில் ஈரமில்லாதார் அவர். ஆடு நனைகின்றதே என்று அழுத ஓநாயின் கதையும் இத்தகையதே. அதன் கண் நனைந்தது; நெஞ்சு நனைந்திலது. இத்தகைய மரபுடைய மொழியில், ஒருவன் மற்றொருவன் ஊக்கத்தைக் கெடுத்தான் என்னுங் கருத்தை ‘உள்ளத்தை ஈரப்படுத்தினான்’ என எழுதின், கற்போர் அவனை அருளாளன் எனக் கொள்வரேயன்றிப் பிறிதொன்றாகக் கருதார்.

பிறமொழிச் சொல்லொன்றுக்குத் தமிழ்ச் சொல்லொன்று எனக் கணக்கு வைத்தல் வணிகர்க்குப் பொருந்தும், மொழிபெயர்ப்பாளர்க்குப் பொருந்தாது. எந்த நீர், எதன்மேல், எவ்வளவு, எவ்வாறு பட்டது என்று வினாவி அறிந்தபின்னரே சொல்லைத் தெரிதல் வேண்டும். அவ்வாறு வினாவுவார்க்கு நனைத்தலும் தோய்த்தலும் ஊறவைத்தலும் தெளித்தலும் தத்தம் இடத்தே நின்று உதவும். தணித்தல் தன்னிடத்தே நிற்கும். ஈரம் நெஞ்சிலே நிற்கும்.