ஓரமாகப் போகச் சொல்கிறோம், ஓரம் எங்கே?

நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்பவர்கள், இங்கே இதுவரை நடக்காத ஒன்றைக் கேட்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். பேச்சு உடனே ஆம்ஸ்டர்டாமுக்கும் கோபன்ஹேகனுக்கும் போய்விடுகிறது. ஆனால் தமிழ்நாடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சைக்கிளுக்குப் பொதுப்பணத்தைச் செலவிட்டுவரும் மாநிலம். 2001-02இல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச மிதிவண்டித் திட்டம், சில ஆண்டுகளிலேயே அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மேல்நிலை மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. 2022-23இல் மட்டும் ஆறு லட்சத்துக்கும் அதிகமான சைக்கிள்கள், ஏறக்குறைய 323 கோடி ரூபாய். பணம் கொடுக்கலாமா என்ற விவாதம் என்றோ முடிந்துவிட்டது. அந்தப் பணம் எதை வாங்கியது, எதை வாங்காமல் விட்டது என்றுதான் இப்போது பார்க்க வேண்டும்.

மம்சாபுரத்தில் நின்று இதைப் பார்க்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டி இருக்கும் பேரூராட்சி இது. இரண்டு நகரங்களும் பத்து கிலோமீட்டருக்குள். மலைப்பக்கம் மாந்தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ராஜபாளையம் பஞ்சாலைகளுக்கு ஷிப்டு பார்க்கப் போகிறவர்கள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைத்தெருவுக்கும் போகிறவர்கள், இரண்டு பக்கமும் படிக்கப் போகும் பிள்ளைகள் உண்டு. சைக்கிளுக்கென்றே அமைந்த தொலைவுகள் இவை. கால் மணி நேரமோ, முக்கால் மணி நேரமோ, மிதித்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். சைக்கிளுக்கும் நடைக்கும் கொடுக்கும் பணம் எங்கே பலன் தரும் என்று கேட்டால், சென்னையைவிட இப்படிப்பட்ட ஊர்களைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இலவச மிதிவண்டித் திட்டத்தின் நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது சிறியதில்லை. பெண்கள் சைக்கிளில் ஏறினால் என்ன ஆகும் என்பதை இந்த மாநிலம் புதுக்கோட்டையில் கண்கூடாகப் பார்த்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதைப் படிப்பறிவின் ஒரு பகுதியாகவே நடத்தினார். கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் களத்துமேட்டுப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டினார்கள், பிள்ளையை முன்னால் உட்காரவைத்தார்கள், பஸ்ஸுக்கோ புருஷனுக்கோ காத்திருக்காமல் போய்வந்தார்கள். அந்தக் காட்சி இல்லாமல் பத்தாண்டு கழித்து மாணவிகளுக்குச் சைக்கிள் என்ற எண்ணம் இவ்வளவு எளிதாக அரசுக்கு வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

பீகாரில் இதற்குக் கணக்கே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அங்கே 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு சுமார் 32 விழுக்காடு கூடியிருந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி. சைக்கிள் தூரத்தைக் குறைத்தது, தூரம் குறைந்ததும் பெண் படிப்பைத் தொடர்ந்தாள்.

இந்த ஒப்பீட்டிலேயே நம் திட்டத்தின் முதல் குறையும் தெரிகிறது. பீகார் ஒன்பதில் கொடுத்தது, நாம் பதினொன்றில் கொடுக்கிறோம். பத்தாம் வகுப்பு வரை தாக்குப்பிடித்தவருக்குத்தான் நம் சைக்கிள். எட்டாம் வகுப்போடு தோட்ட வேலைக்கோ மில்லுக்கோ போய்விட்ட பெண்ணுக்கு அது வரவே இல்லை. தமிழ்நாட்டில் பள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன, இலவச பஸ் பாஸும் உண்டு, அதனால் பாதகமில்லை என்று சொல்லலாம். ஓரளவு சரிதான். ஆனால் பஸ் பாஸ் இருந்தாலும் பஸ் வர வேண்டும். மலையடிவாரக் குக்கிராமங்களுக்கு அது நாளைக்குச் சில தடவைதான் எட்டிப்பார்க்கிறது.

மற்றக் குறைகள் ஊரில் எல்லோரும் அறிந்தவை. சைக்கிளை உதிரிப் பாகங்களாகக் கொண்டுவந்து மொத்தமாகப் பூட்டுகிறார்கள். கைக்கு வந்ததும் கடையில் விட்டு நட்டு இறுக்கி, கோட்டம் எடுத்து, பிரேக் கட்டையைச் சரிபார்த்தால்தான் நம்பி ஏற முடியும். கல்வியாண்டு பாதி ஓடியபிறகு வந்த ஆண்டுகளும் உண்டு. சிலர் வந்த வேகத்தில் விற்றுவிடுகிறார்கள். விற்பவரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு டூவீலர் இருந்தாலோ, பள்ளி தெருமுனையில் இருந்தாலோ, சைக்கிளைவிட ரூபாய்க்குத்தான் அவசரம் அதிகம். தொலைவையும் தேவையையும் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்தால் இது நடக்கத்தான் செய்யும். ஒரேயடியாக எல்லோருக்கும் கொடுப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது, யாரும் ஏழை என்று தனியே நிற்க வேண்டியதில்லை. அந்தக் கௌரவத்துக்காக இந்த விரயத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

பொறுத்துக்கொள்ள முடியாத குறை வேறு. சைக்கிளை வாங்கிக்கொடுத்த அரசு, அது ஓட வேண்டிய இடத்தை ஒருபோதும் நினைத்துப்பார்க்கவில்லை. திட்டம் இருப்பது பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கணக்கில். சாலை நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில். இரண்டு துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரு வட்டாரத்தில் இத்தனை சைக்கிள் கொடுக்கிறோம், அந்தப் பள்ளிகளுக்குப் போகும் சாலையின் நிலைமை என்ன என்று பேசுவதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. சைக்கிள் இங்கே ஒரு நலத்திட்டப் பொருள். அதில் போகும் பிள்ளை ஒரு பயனாளி. அந்தப் பிள்ளை சாலையில் போகிற ஆள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை.

விருதுநகர் மாவட்டத்தில் எந்த ஊர்ச் சாலையில் வேண்டுமானாலும் இதைப் பார்க்கலாம். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்திருக்கும். விளிம்பிலிருந்து மண்ணுக்கு ஒரு சாண் இறக்கம். மண்ணில் சீமைக்கருவேல முள். பின்னால் மில் பஸ்ஸோ மணல் லாரியோ ஹாரன் அடித்தால் பிள்ளை இறங்கியாக வேண்டும். இறங்கினால் சறுக்கும், சறுக்காவிட்டால் பஞ்சர். ‘ஓரமாப் போ’ என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்புகிறோம். போவதற்கு ஓரத்தை யாரும் போட்டுவைக்கவில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசே உத்தரவிட்டது. அது ஒழுங்காக நடந்தாலே இந்த இறக்கம் பாதி குறையும்.

நடப்பவர்கள் கதை இதைவிட மோசமானது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். மத்திய அரசு தானே வெளியிட்ட கணக்கு இது. அதே நேரம், நடப்பவர்களுக்கு நம் அரசு பணமே செலவிடுவதில்லை என்றும் சொல்ல முடியாது. திண்டுக்கல்லிலிருந்து பழநிக்குப் போகும் சாலையோரம் பாதயாத்திரை பக்தர்களுக்கென்று தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் நடக்கும் வழி அது, நியாயமான செலவு. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதைகளைத் தொடங்கினார்கள். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் இத்தனை பெருகிய மாநிலத்தில் அதுவும் நல்ல காரியம்.

பக்தராக நடந்தால் பாதை உண்டு, உடம்புக்காக நடந்தால் பாதை உண்டு. வேலைக்கு நடப்பவருக்குத்தான் இல்லை. இரவு ஷிப்டு முடிந்து பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் பெண்ணும், தலையில் புல்லுக்கட்டோடு தோப்பிலிருந்து திரும்புகிறவரும் எட்டு கிலோமீட்டர் பயிற்சிப் பாதையின் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் தினமும் அதற்கு நிகராக நடக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விவசாயம் அல்லாத வேலைக்குப் போகிறவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று கேட்டது. நாடு முழுக்க மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் நடந்தோ சைக்கிளிலோதான் போனார்கள். பக்தருக்கும் எல்லா இடத்திலும் பாதை இல்லை; இந்தப் பகுதியிலிருந்து ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்துபோகிறவர்கள்கூடத் தார்ச் சாலையில்தான் லாரிகளோடு நடக்கிறார்கள்.

சென்னை இதைச் சரிசெய்ய முயன்றது. மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கான பணத்தில் 60 விழுக்காடாவது நடை, சைக்கிள் வசதிகளுக்குப் போக வேண்டும் என்றது அந்தக் கொள்கை. எழுத்தில் அதைவிடத் துணிச்சலான ஒன்றைக் கேட்க முடியாது. பல சாலைகளில் நடைபாதை அகலமானது, 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. பாண்டி பஜாரில் முதியவர்கள் நின்று நிதானமாக நடப்பதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. ஆனால் அந்த வளாகத்தை விட்டு வெளியே வந்து நான்கு தெரு தள்ளிப்போனால் நடைபாதையில் டிரான்ஸ்பார்மரும் பைக்கும் குப்பைத்தொட்டியும் நிற்கின்றன. காட்டுவதற்கு ஓர் இடத்தைக் கட்டிவிட்டு, போவதற்கான வழியை விட்டுவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியிலோ ராஜபாளையத்திலோ நாளை இதுபோல அலங்காரத் தெரு ஒன்று வந்தால், நான் முதலில் கேட்பது மம்சாபுரத்துக்காரர் அங்கே எப்படி வந்து சேர்வார் என்பதாகத்தான் இருக்கும்.

எதிர்வாதங்களில் ஒன்று மட்டும் கனமானது. சைக்கிளை மக்களே கைவிட்டுவிட்டார்கள், கையில் நாலு காசு சேர்ந்ததும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வாங்குகிறார்கள், அவர்கள் விட்ட வண்டிக்கு ஏன் பாதை என்கிறார்கள். மறுக்க முடியாத உண்மை. யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். போர்க்காலத்தில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் இல்லாமல் அந்த நகரமே சைக்கிளில் ஓடியது. ஆசிரியரும் மருத்துவரும் சைக்கிளில்தான் போனார்கள். தரைவழி திறந்து பெட்ரோல் வந்ததும் மோட்டார் சைக்கிள்கள் நிறைந்தன. வேறு வழியில்லாததால் மிதிக்கிறவர், வழி கிடைத்த அன்றே இறங்கிவிடுவார். அவரைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆனால் நெதர்லாந்தில் பணம் வந்தும் சைக்கிள் போகவில்லை. போகத்தான் தொடங்கியது. 1971இல் அந்தச் சிறிய நாட்டுச் சாலைகளில் ஓராண்டில் நானூறுக்கும் அதிகமான குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். அரசு பணம் ஒதுக்கித் தனிப்பாதைகளைப் போட்டது. இன்று அங்கே வசதியுள்ளவர் சைக்கிளில் போவது பாதுகாப்பாக இருப்பதால்தான். ஆக மக்கள் கைவிட்டது சைக்கிளையா, உயிருக்கு உத்தரவாதமில்லாத சாலையையா என்பது பாதை போட்டுப் பார்க்காமல் தெரியாது. நம் ஊரில் ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை.

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதற்குப் பிறகு சைக்கிள் எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். பஸ்ஸில் போகிறவர் இரண்டு முனையிலும் நடப்பவர்தான். இறங்குமிடத்தில் நிற்க இடமும், குறுக்கே கடக்க வேகத்தடையும், மேலே ஒரு நிழலும் இல்லாவிட்டால் இலவசப் பயணம் பாதியில் நின்றுவிடுகிறது. நிழலைச் செலவுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சாலை அகலமாகும்போது முதலில் சாய்வது புளியமரம். சித்திரை வெயிலில் மரமில்லாத சாலையில் மதியம் யாரும் விருப்பப்பட்டு நடக்கமாட்டார்கள்.

சட்டம் இப்போது நம் பக்கம் இருக்கிறது. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதை என்பது வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. நாள்தோறும் உடைந்த எலும்புகளைப் பார்த்த ஒருவர் நீதிமன்றம் போனதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதலும் தெளிவு: தடங்கலில்லாமல் நடக்க 1.8 மீட்டராவது வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியது புதிய திட்டமோ புதிய பெயரோ அல்ல. மம்சாபுரம் போன்ற பேரூராட்சியைத் தொடும் மாவட்டச் சாலைக்கு அடுத்தமுறை தார் போட மதிப்பீடு தயாரிக்கும்போது, அதே மதிப்பீட்டில் இரண்டு பக்கமும் தார் மட்டத்துக்குக் கெட்டித்த ஓரம் ஓர் இனமாக இருக்க வேண்டும். ஊருக்குள் 1.8 மீட்டர் நடைபாதை, பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் வேகத்தடையும் விளக்கும் மரமும். அந்த இனங்கள் இல்லாத மதிப்பீட்டுக்கு ஒப்புதல் தரக் கூடாது என்று நெடுஞ்சாலைத் துறை ஓர் அரசாணை போட்டால் போதும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் ஆண்டுதோறும் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கலாம். இலவசச் சைக்கிளை ஒன்பதாம் வகுப்புக்கு இறக்கி, பெறுவோர் பட்டியலையே சாலைத் துறைக்கும் அனுப்பினால், எந்தச் சாலையில் எத்தனை பிள்ளைகள் மிதிக்கப் போகிறார்கள் என்பது மதிப்பீடு எழுதும் உதவிப் பொறியாளருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.