ஒற்றியூர்ப் பாடல்களும் அவற்றைப் படித்தவர்களும்

இராமலிங்க அடிகளைப் பற்றி இந்த நூற்றாண்டில் கனமான ஆய்வுகள் வந்திருக்கின்றன. ராஜ் கௌதமன் அவருடைய சமூகச் சிந்தனையை அலசினார். ப. சரவணன், அடிகளின் பாடல்களைப் பற்றி எழுந்த அருட்பா–மருட்பாப் போரின் கண்டன நூல்களைத் தேடித் தொகுத்தார். ரிச்சர்ட் வைஸ் 2019-இலும் ஸ்ரீலதா ராமன் 2022-இலும் ஆங்கிலத்தில் விரிவான நூல்களை வெளியிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் ஒரு பொது எண்ணம் அசையாமல் நிற்கிறது: அவருடைய திருவருட்பாவின் ஆறாம் திருமுறைதான் புரட்சி, திருவொற்றியூரைப் பாடிய பழைய பாடல்கள் வழக்கமான சைவ பக்தி. அப்பாடல்களைப் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் இந்தப் பிரிவினை செல்லாது.

1867 பிப்ரவரியில் தொழுவூர் வேலாயுத முதலியார் வெளியிட்டவை முதல் நான்கு திருமுறைகள் மட்டுமே. ஐந்தாவது 1880-இலும் ஆறாவது 1885-இலும் வந்தன. அதாவது, ஆறாவது வரும்வரை பதினெட்டு ஆண்டுகள் வாசகர் கையில் இருந்தது, ஒற்றியூர்ப் பாடல்களான வடிவுடை மாணிக்கமாலையும் எழுத்தறியும் பெருமான் மாலையும் அடங்கிய நூல்தான். அது வெளிவருமுன்பே இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் கைக்கு வரும்வரை ஒருவேளைதான் உண்பேன் என்று விரதம் பூண்டார். பதறிப்போன அடிகள், அனுப்பிவைப்பதாகக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. இந்த ஈர்ப்புக்குக் காரணம் அப்பாடல்களில் பேசும் குரல் என்று நினைக்கிறேன். செல்வர் வாசலில் போய் நிற்க அது கூசுகிறது. தன் பொய்யையும் குற்றத்தையும் எண்ணிக் குமைகிறது. அப்பரும் மாணிக்கவாசகரும் தம்மை இப்படி நொந்துகொண்டவர்கள்தாம். ஆனால் இவர் சென்னை ஏழுகிணற்றிலிருந்து நடந்தே ஒற்றியூர் போய் வந்தவர். 1856-இல் இராயபுரம் ரயில் நிலையம் திறந்தபோது அதே பட்டணத்தில் வாழ்ந்தவர். அந்தக் குரலைத் தன் குரலாக எடுத்துக்கொள்ள வாசகருக்குக் காலத் தொலைவு தடையாக இல்லை.

எதிரிகளும் இதை உணர்ந்தார்கள். ஆறுமுக நாவலர் தரப்பின் ‘போலியருட்பா மறுப்பு’ 1869-இல் வந்தது. ஆறாம் திருமுறை அச்சேற இன்னும் பதினாறு ஆண்டு இருந்தது. மரபுக்குள் அடங்கிய பாடல்கள் என்றால் மரபைக் காக்க வந்தவர்கள் ஏன் கொதிக்க வேண்டும்? ‘அருட்பா’, ‘திருமுறை’ என்ற பெயர்களே கோபத்துக்குக் காரணம், பாடல்கள் அல்ல என்று மறுப்பவர்கள் உண்டு. பெயர் உறுத்தியது உண்மை. ஆனால் வெறும் பெயரை யாரும் கோயிலில் ஓதமாட்டார்கள். தேவாரம் ஒலித்த இடத்தில் இவை ஒலிக்கத் தொடங்கியதுதான் நாவலர் தரப்பின் உண்மையான கவலை.

திரு.வி.க.வின் மாற்றம் இன்னும் வலுவான சான்று. அருட்பாவை எதிர்த்த கதிரைவேற் பிள்ளையின் மாணவர் அவர். ஆசிரியருக்காக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போய்ப் பள்ளிப் படிப்பையே இழந்தார். அவரே பின்னாளில் ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’ எழுதினார். இடையில் 1918-இல் பிறந்த சென்னைத் தொழிற்சங்கத்தில், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களோடு நின்றார். அப்படியானால் அவரை மாற்றியது அரசியல்தானே, வாசிப்பு எங்கே என்று கேட்கலாம். தொழிலாளர் வாழ்க்கையைக் கண்டவர் பசியையும் இரப்பின் இழிவையும் பாடிய நூலுக்குத் திரும்புவது வாசிப்பு அல்லாமல் வேறென்ன? வாழ்ந்த வாழ்க்கையைக் கழற்றி வைத்துவிட்டு எவரும் நூலைத் திறப்பதில்லை. சொந்த அனுபவம் கலந்ததாலேயே ஒரு வாசிப்பை ஆய்வுக்கு உதவாதது என்று ஒதுக்கினால், நாவலரின் சினத்தையும் ஒதுக்க வேண்டிவரும்.

கண்டனம் எழுதியவர்கள் அச்சில் பதிந்துவிட்டார்கள். உருகிப் படித்தவர்களில் பெரும்பாலோர் பதியவில்லை. ஆய்வுகள் சண்டையின் பக்கம் சாய்ந்ததற்கு இதுவே காரணம். வடிவுடையம்மன் சந்நிதியில் மாணிக்கமாலையைப் பாராயணம் செய்யும் பெண்களிடமும், எண்ணூர் வரை பரவிய ஆலைக் குடியிருப்புகளின் சன்மார்க்க அன்பர்களிடமும், எந்தப் பாட்டு எதற்காக மனப்பாடமானது என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். கண்டனத் திரட்டுக்குப் பக்கத்தில் வைக்க அப்படியொரு திரட்டு தமிழுக்குத் தேவை.