பொய்ப் போரும் மெய்ப் புண்ணும்: ‘தி ரெஸ்லர்’ திரைப்படத்தில் முதிய மல்லரின் உழைப்பு

முன்னுரை

மற்போர் தமிழர் அறியாத கலை அன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்ற செய்தியைப் புறநானூறு காட்டுகிறது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த முன்தலைமுறையினர் கிங்காங், தாராசிங் முதலியோரின் மோதல்களைக் கண்டு வியந்தவர்கள். அவர்களுக்குப் பின் வந்தோர் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தைத் தொலைக்காட்சியின் வழி அறிந்தனர். நம் மாணவர் பலர் அம்மல்லர்களின் பெயர்களை இன்றும் மனப்பாடமாகச் சொல்வர். எனினும், அப்புகழ் மங்கிய பின்னர் அவர்கள் என்ன ஆகின்றனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது.

பெருநிறுவனங்களின் ஒளிவெள்ளத்தை விட்டு நீங்கிய மல்லர் பலர், பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களிலும் சமூக மண்டபங்களிலும் சில நூறு பேர் முன்னிலையில் தொடர்ந்து மோதுகின்றனர். இவ்வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு டாரன் அரனோஃப்ஸ்கி இயக்கிய ‘தி ரெஸ்லர்’ (2008) வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது. முதிய மல்லரின் உடலை இத்துணை நேர்மையாகக் காட்டிய இப்படம், அவ்வுடல் ஏன் இன்னும் கோதாவில் நிற்க வேண்டியுள்ளது என்னும் வினாவிற்குப் பாதி விடையே தருகிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். அக்கருத்தை நிறுவும் பொருட்டுப் படத்தின் காட்சிகளோடு ஆவணப்படச் சான்றுகளும் தொழில் வரலாற்றுச் செய்திகளும் இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன.

கதையும் களமும்

ராபர்ட் சீகல் எழுதிய திரைக்கதையின் நாயகன் ரேண்டி ‘தி ரேம்’ ராபின்சன். இப்பாத்திரத்தை ஏற்றவர் மிக்கி ரூர்க். 1980களில் பேரரங்குகளை நிறைத்த ரேண்டி, இருபது ஆண்டுகளுக்குப் பின் நியூ ஜெர்சி மாநிலத்தில் டிரெய்லர் வீடு ஒன்றில் வாழ்கிறான். வாடகை செலுத்தாமையால் கதவு பூட்டப்படவே, தன் வண்டியில் உறங்குகிறான். வார நாள்களில் பேரங்காடியில் மூட்டை சுமக்கிறான்; வார இறுதியில் கோதா ஏறுகிறான்.

நாளிதழ்த் துணுக்குகளும் சுவரொட்டிகளும் ஆரவார ஒலியும் முதலில் அவனது பழம்புகழைத் தொகுத்துக் காட்டுகின்றன. அடுத்த காட்சியிலேயே குழந்தைகள் பயிலும் வகுப்பறை ஒன்றில், முதுகை நமக்குக் காட்டியவாறு, இருமிக்கொண்டு அவன் அமர்ந்திருக்கிறான். அன்றைய நிகழ்ச்சிக்கு அவ்வகுப்பறையே ஒப்பனை அறை. நிகழ்ச்சி முடிந்ததும் அமைப்பாளர் சிறுதொகை ஒன்றைத் தயக்கத்தோடு கையில் வைக்கிறார். புகழுக்கும் இந்நிலைக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளை இயக்குநர் விவரிக்கவில்லை. விவரிக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

படம் முழுவதும் ஒளிப்படக்கருவி ரேண்டியின் பின்னாலேயே செல்கிறது. அவன் பேரங்காடியில் இறைச்சி நிறுத்து விற்கும் பிரிவிற்குப் பணியாற்றச் செல்லும் முதல் நாளிலும் இவ்வுத்தியே கையாளப்படுகிறது. கிடங்கு வழியாக நடந்து செல்லும் அவன் காதில் கோதா நோக்கிச் செல்லும்போது எழும் ஆரவாரம் கேட்கிறது. திரையை விலக்கி வெளிவந்ததும் ஒலி அடங்குகிறது. அவன் எதிரே நிற்போர் வாடிக்கையாளர் மட்டுமே. இரு பணியிடங்களையும் ஒரே நடையால் இணைக்கும் இக்காட்சி படத்தின் மிகச் சிறந்த காட்சிகளுள் ஒன்று எனலாம்.

பொய்ப் போரும் மெய்ப் புண்ணும்

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்விகள் முன்னரே முடிவு செய்யப்படுகின்றன. ஆதலின், இதனைப் பொய்யென ஒதுக்குவோர் பலர். பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலாண் பார்த் தம் ‘மித்தாலஜீஸ்’ (1957) நூலின் முதற்கட்டுரையில் இதனை விளையாட்டாகக் கருதாமல் காட்சிக்கலையாகக் கண்டார். போட்டி உண்மையா என்பது பார்வையாளருக்குப் பொருட்டன்று. நன்மை, தீமை, துன்பம், நீதி ஆகியவை உடல்களின் வழி ஐயத்திற்கு இடமின்றித் தெரிய வேண்டும் என்பதே அவர்தம் எதிர்பார்ப்பு என்பது அவர் வாதம்.

இவ்வாதம் பார்வையாளர் இருக்கையிலிருந்து நோக்கும்போது முற்றிலும் பொருந்தும். மல்லனின் பக்கத்திலிருந்து நோக்கினால் ஒரு குறை புலப்படும். குறியாக நிற்கும் உடல் முதுமையடைகிறது. அதன் எலும்பும் தசையும் தேய்கின்றன. அரனோஃப்ஸ்கியின் படம் இவ்விடத்திலிருந்தே தொடங்குகிறது. ரேண்டி தன் மணிக்கட்டுக் கட்டினுள் சவரத் தகட்டின் சிறுதுண்டு ஒன்றை மறைத்து வைக்கிறான். மோதலின் நடுவே எவரும் அறியாதவாறு தன் நெற்றியைத் தானே கீறிக்கொள்கிறான். அடி பொய், குருதி மெய். முள்வேலிக் கம்பியும் கண்ணாடியும் ஸ்டேப்பிள் துப்பாக்கியும் பயன்படும் மற்றொரு மோதலில், புண்களை மருத்துவ உதவியாளர் ஒவ்வொன்றாகக் களையும் காட்சியோடு, அப்புண்கள் எவ்வாறு நேர்ந்தன என்பதும் பின்னோக்காகக் காட்டப்படுகிறது. விளைவை முன்வைத்துச் செயலைப் பின்வைக்கும் இவ்வமைப்பு, பார்வையாளரின் களிப்பிற்கு இடந்தராமல் விலையை முதலில் உணர்த்துகிறது.

இச்சிறு நிகழ்ச்சிகள் இழிந்தவையாகவும் சித்திரிக்கப்படவில்லை. ஒப்பனை அறையில் இளையோர் ரேண்டியிடம் காட்டும் மரியாதையும், எதிராளிகள் கூடியமர்ந்து ஒருவர் உடலை மற்றவர் காக்கும் வகையில் மோதலைத் திட்டமிடுவதும், மோதிய பின் தழுவிக்கொள்வதும் ஒரு தொழிற்குடியின் ஒழுக்கத்தை உணர்த்துகின்றன. ரிங் ஆஃப் ஆனர், காம்பாட் சோன் ரெஸ்லிங் ஆகிய சிறு நிறுவனங்களின் நிகழ்ச்சிகளில் மெய்யான மல்லரும் பார்வையாளரும் சூழ இக்காட்சிகள் படமாக்கப்பட்டமை இதற்கு வலுவூட்டுகிறது. 1990களின் தொடக்கத்தில் நடிப்பை விட்டுத் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குச் சென்று முகம் சிதைந்த ரூர்க்கின் சொந்த வரலாறும் பாத்திரத்தோடு ஒன்றிவிடுகிறது.

பெயரும் பாய்ச்சலும்: புறநானூற்று ஒப்பீடு

முதுமையின் கையறவைப் பாடும் புறநானூற்று 243ஆம் பாடல் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. இளமையில் நீர்த்துறையிற் படிந்த மருதமரக் கிளையேறி, கரையில் நின்றோர் வியக்க ஆழ்ந்த மடுவிற் பாய்ந்து, அடிமணலை அள்ளி வந்ததை முதியவர் ஒருவர் எண்ணிப் பார்க்கிறார். இப்போதோ அவர் கோலூன்றி நடப்பவர். இருமலிடையே சில சொற்களே பேச இயல்பவர். பாடியவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. பாடலில் வரும் கோலைக் குறிக்கும் தொடராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கப்படுகிறார்.

ரேண்டியின் புகழுக்குரியதும் ஒரு பாய்ச்சலே. கோதாவின் மூலைக் கம்பத்தின் மேலேறிக் கீழே கிடக்கும் எதிராளியின் மீது பாய்வது அவன் முத்திரை. அவனும் இயற்பெயரை இழந்தவன். ராபின் ராம்சின்ஸ்கி என்னும் பெயரால் அழைக்கப்படுவதை அவன் வெறுக்கிறான். பேரங்காடியின் பெயரட்டையில் ‘ராபின்’ எனப் பொறிக்கப்பட்டிருப்பது அவனுக்குத் தண்டனையாகவே தோன்றுகிறது.

ஒற்றுமை இவ்வளவில் நிற்க, வேறுபாடே நம் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவதாகும். புறநானூற்று முதியவருக்குப் பாய்ச்சல் நினைவு. அதனை மீண்டும் செய்துகாட்டும்படி அவரை எவரும் கேட்கவில்லை; உணவுக்காக அவர் அம்மரத்தில் ஏற வேண்டியதும் இல்லை. ரேண்டிக்கோ பாய்ச்சல் இன்றளவும் விற்பனைப் பொருள். நெஞ்சடைப்பிற்குப் பின் இதய அறுவைச் சிகிச்சை பெற்ற அவனை மோதக் கூடாதென மருத்துவர் தடுக்கிறார். இருப்பினும், இருபது ஆண்டுகளுக்கு முன் தன்னோடு மோதிய ‘அயத்துல்லா’வுடன் மீண்டும் மோத அவன் செல்கிறான். அவன் கம்பத்தினின்று பாயும் கணத்தில் திரை இருள்கிறது.

ஆவணப்படம் காட்டும் மறுபக்கம்

கற்பனைக்கு ஒன்பதாண்டு முன்னரே பாரி பிளாஸ்டீன் இயக்கிய ‘பியாண்ட் தி மேட்’ (1999) என்னும் ஆவணப்படம் இவ்வாழ்க்கையைப் பதிவு செய்தது. அதில் இடம்பெறும் டெர்ரி ஃபங்க் 1983ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் ஓய்வு அறிவித்தவர். 1997 ஏப்ரலில், 52ஆம் வயதில், பிலடெல்பியாவின் பிங்கோ மண்டபம் ஒன்றில் இயங்கிய ஈசிடபிள்யூ நிறுவனத்தின் வாகையர் பட்டத்தை அவர் வென்றார். கட்டணத் தொலைக்காட்சியில் அந்நிறுவனம் வழங்கிய முதல் நிகழ்ச்சி அதுவே. பழம்பெரும் மல்லர் ஒருவரின் பெயர் வளர்ந்துவரும் சிறு நிறுவனத்திற்கும் இளையோர்க்கும் எத்துணைப் பெரிய முதலீடு என்பதற்கு இஃது ஏற்ற சான்று. சிறு நிகழ்ச்சிகளில் முதியோர் பங்கேற்பதை வீழ்ச்சி என்று மட்டும் கொள்வது பொருந்தாது என்பதும் இதனால் விளங்கும். அவ்வாண்டு செப்டம்பரில் சொந்த ஊரான அமரில்லோவில் விடைபெற்ற ஃபங்க், சில மாதங்களிலேயே மீண்டும் கோதாவிற்குத் திரும்பினார். பின்னும் பல்லாண்டுகள் மோதிய அவர் 2023இல் மறைந்தார்.

அதே ஆவணப்படத்தில் வரும் ஜேக் ராபர்ட்ஸ், 1980களின் பிற்பகுதியில் பாம்புடன் கோதாவிற்கு வந்து பெரும்புகழ் பெற்றவர். படமெடுக்கப்பட்ட காலத்தில் சிற்றூர் நிகழ்ச்சிகளில் மோதிக்கொண்டிருந்த அவர், போதைப் பழக்கத்தாலும் மகளின் பிரிவாலும் வருந்துவதைக் காண்கிறோம். ரேண்டிக்கும் பிரிந்த மகள் உண்டு. ஆயினும் அவ்விருவரின் முடிவும் ஒன்றன்று. முன்னாள் மல்லர் டயமண்ட் டாலஸ் பேஜ் ராபர்ட்ஸைத் தம் இல்லத்தில் தங்கவைத்து மீட்டதை 2015ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆவணப்படம் விவரிக்கிறது. அவரது தோள் அறுவைச் சிகிச்சைக்கான பணம் இணையவழி ரசிகர்களிடமிருந்து திரட்டப்பட்டது. பேரரங்குகளை நிறைத்த ஒருவரின் தோளைச் செப்பனிட நன்கொடை தேவைப்பட்டது ஏன் என்பதே இங்கு எழும் வினா.

திரைப்படம் சொல்லாதது

இவ்வினாவிற்குரிய விடை தொழிலின் அமைப்பில் உள்ளது. அமெரிக்கப் பெருநிறுவனங்கள் மல்லர்களைப் பணியாளர்களாகக் கொள்வதில்லை. தற்சார்பு ஒப்பந்தக்காரர்களாகவே வகைப்படுத்துகின்றன. இதனால் பணியாளர்க்குரிய ஓய்வூதியமும் மருத்துவக் காப்புறுதியும் அவர்களுக்குக் கிட்டுவதில்லை. படம் வெளிவந்த அதே 2008ஆம் ஆண்டில் முன்னாள் மல்லர் மூவர் இவ்வகைப்பாட்டை எதிர்த்து டபிள்யூடபிள்யூஇ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். 2009இல் அது தள்ளுபடியானது. முன்னாள் மல்லர்களின் போதை மறுவாழ்வுச் சிகிச்சைச் செலவை ஏற்பதாக அந்நிறுவனம் 2007இல் அறிவித்தமையும் குறிப்பிடத்தக்கது. அது வரவேற்கத்தக்க உதவி. எனினும் முதுமைக்கால வருவாய்க்கு அஃது ஈடாகாது.

மேலும் ஒரு செய்தி இங்குக் கருதத்தக்கது. ரேண்டியின் மாபெரும் மோதல் நிகழ்ந்ததாகப் படம் கூறும் ஆண்டு 1989. அவ்வாண்டின் தொடக்கத்தில், அவன் வாழ்வதாகக் காட்டப்படும் நியூ ஜெர்சியில், மல்யுத்தத்தை மாநில விளையாட்டுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கும் சட்டவரைவை மாநில மேலவை ஏற்றது. மல்யுத்தம் போட்டி அன்று, கேளிக்கையே என்று டபிள்யூடபிள்யூஎஃப் தரப்பு அப்போது ஒப்புக்கொண்டது. வரியும் உரிமமும் மோதலுக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையும் கேளிக்கைக்குத் தேவையில்லை என்பதே அதன் உட்பொருள். கதை பொய்யென்று ஒப்புக்கொள்ளப்பட்டபோது, உடலின் புண்ணும் பொய்யெனக் கொள்ளப்பட்டுவிட்டது.

படத்தின் முற்பகுதி இத்தேவைகளை உணர்ந்தே இயங்குகிறது. பூட்டிய கதவும், சிறுதொகைக் கூலியும், முன்னாள் மல்லர்கள் கையெழுத்திட்டுப் படம் விற்கும் மண்டபக் காட்சியும் அதற்குச் சான்றுகள். ஆள்வரவு குறைந்த அம்மண்டபத்தில், சக்கர நாற்காலியில் அமர்ந்தவரையும், சிறுநீர்ப்பை கட்டியவரையும், மேசையிலேயே உறங்குபவரையும் ரேண்டி நோக்கும் பார்வை உரையாடலின்றியே பொருள் உணர்த்துகிறது. பிற்பகுதியிலோ கதை தடம் மாறுகிறது. தன்னைக் காயப்படுத்துவது கோதாவிற்கு வெளியே உள்ள உலகமே என்று ரேண்டி கூறும்போது, பொருளியல் நெருக்கடி தனிமையாகவும் கைத்தட்டல் மீதான காதலாகவும் உருமாறுகிறது. இறுதிப் பாய்ச்சல் வீரனின் தேர்வாக நிலைபெறுகிறது. நாம் கண்ணீர் விடுகிறோம். அவனுக்கு யார் என்ன கடன்பட்டுள்ளனர் என்று கேட்க மறக்கிறோம்.

திரைப்படம் தொழிலாளர் அறிக்கை அன்றே எனச் சிலர் மறுக்கக்கூடும். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும் இவ்வினாவைத் தொடங்கி வைத்தது படமே. பூட்டிய கதவை நமக்குக் காட்டியதும் அதுவே. தொடங்கிய வினாவை முடிக்காமல் விடுதல் கலைக்குரிய மௌனம் ஆகலாம். அதனை ஊழாகத் தோன்றச் செய்வது வேறு.

முடிவுரை

‘தி ரெஸ்லர்’ முதிய மல்லரை எள்ளாமலும் இரங்கத்தக்க பொம்மையாக்காமலும் காட்டிய சிறந்த படைப்பு என்பதில் ஐயமில்லை. கதை பொய்யாயினும் புண் மெய் என்னும் உண்மையை அதனினும் தெளிவாக உரைத்த புனைகதைப் படம் அரிது. ஆயினும் அதன் முடிவு தரும் அவலச்சுவை, தொழிலமைப்பின் பொறுப்பை மல்லனின் மனத்திற்குள் இடம்பெயர்த்துவிடுகிறது. டெர்ரி ஃபங்க், ஜேக் ராபர்ட்ஸ் ஆகியோரின் வாழ்க்கையை அருகில் வைத்துப் பயிலும்போது இக்குறை நிறைவு பெறும். வகுப்பறையில் இப்படத்தைப் புறநானூற்றுப் பாடலோடு இணைத்துக் கற்பிக்கும் ஆசிரியர், அம்முதியவர் மீண்டும் கிளையேற வேண்டியிராதது ஏன், இம்மல்லன் ஏற வேண்டியிருப்பது ஏன் என்னும் இரு வினாக்களையும் மாணவரிடம் சேர்த்தே எழுப்புதல் நலம்.